வழிநிரல்: அகநானூற்று அட்டவணை கொண்டு ஒரு விளக்கம்

அகநானூற்றுப் பாடல்கள் எண் பெற்ற முறை தமிழ் பயில்வார் யாவரும் அறிந்ததொன்று. ஒற்றைப்பட்ட எண் பெற்றவை எல்லாம் பாலை. 2, 8 என முடிவன குறிஞ்சி. 4 என முடிவன முல்லை. 6 என முடிவன மருதம். 10, 20 எனப் பத்துப் பத்தாய் வருவன நெய்தல். இவ்வாற்றான் 400 பாடல்களுள் பாலை 200, குறிஞ்சி 80, ஏனைய மூன்றும் தனித்தனியே 40 ஆகின்றன. பாட்டின் எண்ணை ஒருவர் கூறின், நூலைத் திறவாமலே அதன் திணையை மற்றொருவர் கூறிவிடலாம். உப்பூரிகுடி கிழார் மகனார் உருத்திரசன்மர் தொகுத்த நூலில், தெரிந்த செய்தி ஒன்றிலிருந்து தெரியாத செய்தி ஒன்றை விதியால் வருவிக்கும் வழி இங்ஙனம் அமைந்து கிடக்கின்றது.

கணினி கொண்டு இலக்கியத் தரவுகளை ஆராய்வோர் நாள்தோறும் செய்வதும் இவ்வேலையே. பாடல் எண், புலவர், அடித்தொகை, திணை என்பனவற்றை அட்டவணையாக்கி, அவ்வட்டவணையில் உள்ளனவற்றைக் கொண்டு இல்லாத நிரல் ஒன்றைப் புதிதாகக் கணித்துச் சேர்க்கின்றனர். இன்று நம் துறைகளில் ஆய்வு செய்யும் மாணவர் பலர் இத்தகைய அட்டவணைகளுடன் வருகின்றனர். அவற்றைப் படித்துத் திருத்தும் கடமை எம்மனோர்க்கு உண்டு. அட்டவணையில் கண்ட எண் ஒன்று நூலிலிருந்து எடுத்ததா, அன்றி மாணவர் எழுதிய விதியிலிருந்து பிறந்ததா என்று கேட்டால், விடை கூறத் தடுமாறுவோரே மிகுதி. ஆதலின் இப்பொருள் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும் எனக் கருதினேன்.

முதற்கண் சொற்களைத் தெளிவு செய்துகொள்வோம். அட்டவணையில் கிடையாகச் செல்வதை நிரை என்றும், நெடுக்காகச் செல்வதை நிரல் என்றும் கணக்கு நூல்கள் வழங்குகின்றன. ஒரு பாடலுக்கு ஒரு நிரை. ஒரு பண்புக்கு ஒரு நிரல். (அகநானூற்றின் முதற்பகுதியாகிய களிற்றியானை நிரையில் 120 நிரைகள் உள என்று மாணவர் ஒருவர் எழுதியது பிழையன்று, ஆயினும் படித்தபோது நகை வந்தது.) கணினித் துறையார் கட்டளைத் தொகுதியையும் நிரல் என்றே கூறுவர். மயக்கம் நேராமைப் பொருட்டு அதனை ஈண்டுக் கட்டளைத்தொடர் என்கின்றேன். நூலைப் பார்த்து எழுதிய நிரலை முதனிரல் என்றும், அதிலிருந்து விதியால் கணித்த நிரலை வழிநிரல் என்றும் பெயரிட்டுக் கொள்கின்றேன். முதனூல், வழிநூல் என்னும் பாகுபாட்டில் பழகிய நமக்கு இப்பெயர்கள் புதியன அல்ல.

இருவகைக் கருவிகள் இவ்வேலைக்கு வழக்கில் உள்ளன. நியூசிலாந்து நாட்டு ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மன் என்னும் இருவர் 1990களில் ஆக்கிய ஆர் மொழி ஒன்று. பைத்தான் மொழியில் அட்டவணைகளைக் கையாளும் பொருட்டு வெஸ் மெக்கின்னி 2008இல் தொடங்கிய பாண்டாஸ் என்னும் கருவித்தொகுதி மற்றொன்று. எக்செல் முதலிய விரிதாள்களிலும் வழிநிரல் அமைக்கலாம். ஆயின் அங்கு விதி ஒவ்வொரு கட்டத்தினுள்ளும் தனித்தனியே மறைந்து கிடக்கும். இடையிலுள்ள ஒரு கட்டத்தில் யாரேனும் கையால் ஓர் எண்ணை அடித்துவிட்டால், அந்நிரல் பாதி வழியும் பாதி முதலுமாய்க் கலந்துபோகும். மேலோட்டமாய்ப் பார்ப்பவர் கண்ணுக்கு வேறுபாடு தோன்றாது. கணினி மொழியிலோ விதி நிரல் முழுமைக்கும் ஒருமுறையே எழுதப்படுகிறது. எழுதிய இடமும் வெளிப்படையாய் நிற்கிறது. ஆய்வுக்கு அம்மொழிகளை யான் பரிந்துரைப்பதற்குக் காரணம் இவ்வெளிப்படைத்தன்மையே, விரைவு அன்று.

அகநானூற்று எடுத்துக்காட்டையே கொள்வோம். பைத்தான் மொழியின் மூன்றாம் பதிப்பு 2008இல் வெளிவந்தது முதல், பெயர்களைத் தமிழ் எழுத்தாலும் இடலாம். அட்டவணைக்கு அகம் என்று பெயர் வைத்து, பாடல் எண்ணுள்ள நிரலுக்கு எண் என்று பெயர் வைத்திருப்பின், முதல் வழிநிரல் பின்வருமாறு அமையும்:

அகம்["மீதி"] = அகம்["எண்"] % 10

விழுக்காட்டுக் குறிபோல் நிற்பது இங்கு வகுத்தபின் எஞ்சும் மீதியைக் குறிக்கும். 127ஆம் பாடலுக்கு மீதி 7. 300ஆம் பாடலுக்கு 0. வலப்புறம் எழுதியது ஒரு பாடலைப் பற்றியதன்று, 400 பாடல்களையும் ஒருங்கே தழுவியது என்பதை உணர்தல் வேண்டும். 'ஒவ்வொரு பாடலாக எடுத்து' என்று மாணவர் விளக்கத் தொடங்குவர், அவ்வாறு எண்ணவேண்டுவதில்லை. நிரல் முழுதும் ஒரு பொருள். இலக்கண நூற்பா ஒன்று தன் வரையறைக்கு உட்பட்ட சொற்கள் அனைத்துக்கும் ஒருங்கே விதி கூறுதல் போன்றது இது.

அடுத்து, 0 நெய்தல், 2 குறிஞ்சி, 4 முல்லை, 6 மருதம், 8 குறிஞ்சி, ஒற்றை எண்கள் பாலை என ஒரு சிறு பட்டியல் எழுதி, மேப் என்னும் செயலால் மீதி நிரலை அப்பட்டியலோடு பொருத்தினால் திணை நிரல் பிறக்கும். வழிநிரலிலிருந்து மற்றொரு வழிநிரல் பிறந்தமை காண்க. இவ்வாறு சதுரஅடைப்பில் பெயரிட்டுச் சேர்ப்பது இருக்கின்ற அட்டவணையையே மாற்றிவிடும். அசைன் என்னும் செயலோ, பழைய அட்டவணையைத் தொடாது, புதுநிரல் சேர்ந்த புதிய அட்டவணை ஒன்றைத் தரும். ஆர் மொழியில் டிபிளையர் தொகுதியிலுள்ள மியூட்டேட் என்பதும் அத்தகையதே. மூலப் படியைத் திருத்தாது, படியெடுத்துத் திருத்துவதே பதிப்பாசிரியர் மரபு. அட்டவணைக்கும் அதுவே தக்கது.

இனி, விதி சரியாயிருந்தும் விடை பிழையாகும் இடம் ஒன்றைக் காட்டுவேன். அகநானூற்றுக்குப் பாரதம் பாடிய பெருந்தேவனார் பாடிய கடவுள் வாழ்த்து உண்டு. அதனையும் அட்டவணையில் சேர்த்து, 400க்குப் புறம்பாகலின் 0 என எண்ணிடுவது மாணவர் வழக்கம். பூச்சியத்தைப் பத்தால் வகுத்த மீதி பூச்சியமே. ஆகவே மேற்கூறிய விதி, சிவபெருமானை வாழ்த்தும் அப்பாட்டை நெய்தல் என்று கூசாது எழுதிவிடும்! நெய்தல் 41 ஆகும். 40 என்னும் தொகையை நினைவில் வைத்திருப்பவர் இதனைப் பிடிப்பர். வைத்திராதவர் சராசரி காணத் தொடங்கிவிடுவர். அதே அட்டவணையில் களிற்றியானை நிரை, மணிமிடை பவளம், நித்திலக்கோவை என்னும் பகுதிப் பெயரைக் கணிக்க, 0, 120, 300, 400 என்னும் எல்லைகளைத் தந்து கட் என்னும் செயலை ஏவினால், இரு மொழிகளிலும் அது இயல்பாகக் கீழெல்லையை விலக்கி மேலெல்லையைக் கொள்ளும். ஆகலின் 120ஆம் பாட்டு முதற்பகுதியிற் சேரும். கடவுள் வாழ்த்துக்கு எப்பகுதியும் இன்றி வெறுமை நிற்கும். ஒரே பாட்டுக்கு ஒரு விதி பொய் கூறியது. மற்றொன்று வாய் திறவாதிருந்தது. ஆராய்ச்சியாளர்க்கு இரண்டாவதே உதவியானது.

எல்லையிற் பிழைத்தல் பிற நூல்களிலும் நேரும். ஐங்குறுநூற்றில் மருதம், நெய்தல், குறிஞ்சி, பாலை, முல்லை என நூறு நூறாய்த் திணை அமைந்துள்ளது. எண்ணை 100 ஆல் வகுத்து முழுவெண்ணை மட்டும் கொண்டால் 100ஆம் பாட்டு நெய்தலுக்குப் போய்விடும். எண்ணில் ஒன்றைக் கழித்த பின்னரே வகுத்தல் வேண்டும்.

ஆர் மொழியின் பழைய வழக்கு ஒன்று இதனினும் வியப்புடையது. அட்டவணையின் நிரைத்தொகையை மிச்சமின்றி வகுக்கும் குறுகிய வரிசை ஒன்றை டாலர் குறியிட்டு நிரலாகச் சேர்த்தால், அவ்வரிசையை அம்மொழி மீண்டும் மீண்டும் மடக்கி நிரப்பிக்கொள்ளும். பாலை, குறிஞ்சி, பாலை, முல்லை, பாலை, மருதம், பாலை, குறிஞ்சி, பாலை, நெய்தல் என்று பத்துப் பெயரை மட்டும் தந்தால் போதும். அகநானூறு முழுவதற்கும் திணை நிரம்பிவிடும். உருத்திரசன்மர் முறைக்கென்றே செய்து வைத்ததுபோல் தோன்றும். ஆயின், நிரைகள் எண் வரிசையில் இருந்தால் மட்டுமே அவ்விடை உண்மை. புலவர் பெயரால் அகரவரிசைப்படுத்திய அட்டவணைக்கும் அது அதே நம்பிக்கையோடு நிரப்பும். கடவுள் வாழ்த்தைச் சேர்த்த 401 நிரை அட்டவணையாயின், 401ஐப் பத்து வகுக்காமையால் பிழை என்று நின்றுவிடும். வாழ்த்தைச் சேர்த்து, இடையில் யாதேனும் ஒரு பாட்டைத் தவறவிட்ட அட்டவணையாயின், தொகை மீண்டும் 400 ஆகித் திணைகள் ஓரிடம் தள்ளி அமரும். கணினி ஒன்றும் சொல்லாது. மியூட்டேட் இவ்வாறு மடக்குவதில்லை. ஒற்றை மதிப்பையோ முழு நீள வரிசையையோ மட்டும் ஏற்கும். பாண்டாஸ் தொகுதியும் நீளம் பொருந்தாத வரிசையை மறுத்துவிடும்.

நிரல்நிறை

நன்னூலார் கூறும் பொருள்கோள் எட்டனுள் நிரல்நிறை ஒன்று. முன்னர் நிறுத்திய சொற்களுக்குப் பின்னர் நிறுத்திய சொற்கள் முறையே சென்று பொருந்துவதனால் பொருள் கொள்ளுகின்றோம். வரிசை ஒன்று மாறின் பொருள் முழுதும் மாறும். தொடரோ வழுவின்றியே தோன்றும். வழிநிரல் சேர்ப்பதில் நேரும் பெரும்பிழை இவ்விடத்தது.

பாண்டாஸ் அட்டவணையில் ஒவ்வொரு நிரைக்கும் அடையாளம் ஒன்று உண்டு. அட்டவணையை எவ்வாறு வரிசை மாற்றினாலும் அவ்வடையாளம் அந்நிரையோடே செல்லும். மற்றொரு பாண்டாஸ் நிரலைக் கொணர்ந்து சேர்த்தால், அடையாளத்துக்கு அடையாளம் பொருத்திச் சேர்க்கும், வரிசையை நோக்காது. ஆனால், வெறும் பட்டியலைக் கொணர்ந்து சேர்த்தால், அதற்கு அடையாளம் இன்மையால், முதலாவதை முதல் நிரைக்கும் இரண்டாவதை இரண்டாம் நிரைக்குமாக நிரல்நிறையாக வைத்துச் செல்லும். நீளம் பொருந்தினால் போதும், குற்றம் காணாது.

இதனை யான் அறிந்தது நூல் கற்று அன்று. சில ஆண்டுகளுக்கு முன்னர், அகநானூற்றில் திணைக்கும் பாட்டின் நீளத்துக்கும் தொடர்பு உண்டா என்று ஆராயத் தொடங்கினேன். இந்நூற்பாடல்கள் 13 அடிச் சிறுமையும் 31 அடிப் பெருமையும் உடையன. அடித்தொகையை எண் வரிசையில் ஒரு பட்டியலாக எழுதி வைத்திருந்தேன். அட்டவணையையோ இடையில் புலவர் பெயரால் வரிசைப்படுத்தியிருந்தேன். மறந்து, பட்டியலை அப்படியே நிரலாகச் சேர்த்தேன். பின்னர்த் திணைவாரியாகச் சராசரி கண்டபோது, எதிர்பாராத வேறுபாடு ஒன்று கிடைத்தது. மகிழ்ச்சி மிகுந்தது. சரிபார்க்கவில்லை என்று கூறமுடியாது, சரிபார்த்தேன். மிகச்சிறிய எண் 13, மிகப்பெரிய எண் 31, பொருந்தின. அடிகளின் மொத்தம் பொருந்தியது. நூல் முழுமைக்குமான சராசரி பொருந்தியது. பொருந்தாது என் செய்யும்? எண்கள் எல்லாம் அவையே. அமர்ந்த இடமே வேறு. மொத்தத்தைக் கொண்டு செய்யும் எச்சோதனையும் இப்பிழையைக் காட்டமாட்டாது.

கட்டுரை எழுதி முடித்து அனுப்பும் தறுவாயில், மேற்கோளுக்காகப் பாட்டொன்றை எடுத்துப் பார்த்தவன், அதன் அடிகள் அட்டவணையிற் கண்டதனினும் ஆறு குறைந்திருக்கக் கண்டேன். அடுத்ததைப் பார்த்தேன், அதுவும் பொருந்தவில்லை. கட்டுரை அன்றே நின்றுபோயிற்று. அதன் முடிபு யாது என்பதை ஈண்டுக் கூறேன். பிழைபட்ட ஒன்றை மறுத்தற்பொருட்டும் அச்சேற்றுதல் தகாது. அன்று முதல் எந்நிரல் சேர்த்தாலும், நூலின் தொடக்கம், இடை, இறுதி என மூன்றிடங்களில் பாட்டை எடுத்து விரல்விட்டு எண்ணிப் பார்க்கின்றேன். நிரலைச் சேர்க்கும்போதும் பட்டியலாகச் சேர்ப்பதில்லை. பாடல் எண், அடித்தொகை என இரு நிரலுள்ள சிற்றட்டவணையாக்கி, மெர்ஜ் என்னும் செயலால் எண்ணுக்கு எண் பொருத்தியே சேர்க்கின்றேன்.

கிடைக்காத பாடல்கள்

ஐங்குறுநூற்றில் 129, 130 ஆகிய இரு பாடல்கள் கிடைத்தில. நற்றிணையில் 234ஆம் பாட்டும், புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்களும் அவ்வாறே. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் இறுதிப்பத்தும் இல்லை. இவற்றுக்கு அட்டவணையில் என் எழுதுவது? பூச்சியம் என எழுதுவோர் உளர். பூச்சியம் என்பது 'அடி இல்லாத பாட்டு' என்று பொருள்படுமேயன்றிக் 'கிடைக்காத பாட்டு' எனப் பொருள்படாது. ஐங்குறுநூற்று நெய்தலில் சராசரி காணும்போது 98 ஆல் வகுக்கவேண்டியதை 100 ஆல் வகுக்க நேரும். நெய்தல் குறுகியது என்னும் போலி முடிபு பிறக்கும்.

வெறுமையாகவே விடுதல் முறை. ஆயின் வெறுமையும் வழிநிரலில் ஒருபடியாக நடந்துகொள்வதில்லை. கூட்டல் கழித்தலில் வெறுமையோடு எது சேர்ந்தாலும் வெறுமையே விளையும். இது நேர்மையான நடை. ஒப்பீட்டில்தான் இடர். நான்கு அடியும் அதற்குக் குறைந்தனவும் குறும்பாட்டு என விதி எழுதினால், பாண்டாஸ் தொகுதியின் வழக்கமான எண்வகையில், வெறுமை நான்கிற்குக் குறைந்ததா என்னும் வினாவுக்கு 'இல்லை' என்று விடை வரும். குறும்பாட்டு இல்லாதன எல்லாம் நெடும்பாட்டு என அடுத்த விதி அமைந்திருப்பின், கிடைக்காத இரு பாடல்களும் நெடும்பாட்டாகிவிடும். இல்லாத பாட்டு நீண்ட பாட்டாய் நிற்பது கண்டு நகைக்கலாம். அச்சான கட்டுரையில் கண்டால் நகைக்க முடியாது. ஆர் மொழி இவ்விடத்து 'அறியப்படவில்லை' என்றே விடையிறுக்கும். அதன் சராசரிச் செயலும், வெறுமையை நீக்குக என்று நாம் வெளிப்படையாகச் சொல்லும்வரை விடை தர மறுக்கும். தொடக்கத்தில் தொல்லையாகத் தோன்றும் இம்மறுப்பை யான் இப்போது பெரிதும் மதிக்கின்றேன்.

எழுத்தெண்ணுதல்

யாப்பாராய்ச்சியில் ஈடுபடுவோர்க்கு இன்றியமையாத வழிநிரல் எழுத்துத்தொகை. இங்குக் கணினியின் எழுத்தும் நம் எழுத்தும் வேறு என்பதை உணர்தல் வேண்டும். தமிழ் என்னும் சொல்லின் நீளம் யாது என வினவினால், பைத்தானும் ஆரும் 5 என்றே கூறும். ஒருங்குறியில் தகரம், மகரம், இகரக்குறி, ழகரம், புள்ளி என ஐந்து குறியெண்கள் அச்சொல்லில் உள்ளன. நமக்கோ எழுத்து மூன்றே. அந்நீளத்தை அப்படியே எழுத்துத்தொகை எனக் கொண்ட ஆய்வேடு ஒன்றை யான் கண்டதுண்டு.

திருத்தம் எளிது. குறியெண் தொகையிலிருந்து உயிர்மெய்க்குரிய பதினொரு துணைக்குறிகளின் தொகையையும், புள்ளிகளின் தொகையையும் கழிக்க எழுத்துத்தொகை கிடைக்கும். இவை மூன்றையும் தனித்தனி வழிநிரலாக அமைத்த பின்,

அகம்["எழுத்து"] = அகம்["குறி"] - அகம்["துணைக்குறி"] - அகம்["புள்ளி"]

என எழுதலாம். தொல்காப்பியம் என்னும் சொல்லில் குறியெண் 13, துணைக்குறி 3, புள்ளி 3. எஞ்சுவது 7 எழுத்து. சொல்லிடை வெளியையும் நிறுத்தக்குறிகளையும் முன்னரே நீக்கியிருத்தல் வேண்டும் என்று சொல்லவேண்டுவதில்லை. கட்டளையடிக்கு ஒற்று எண்ணப்படாமையின், எழுத்துத் தொகையிலிருந்து புள்ளித் தொகையை இன்னொருமுறை கழிக்க 4 ஆகும். செய்யுளியல் கூறும் குறளடி 4 முதல் 6, சிந்தடி 7 முதல் 9, நேரடி 10 முதல் 14, நெடிலடி 15 முதல் 17, கழிநெடிலடி 18 முதல் 20 என்னும் எல்லைகளை அடி ஒவ்வொன்றுக்கும் பொருத்த, அடிவகை நிரலும் பிறக்கும்.

ஆயினும் விதி இங்கு முற்றுப்பெறவில்லை. உரையாசிரியர் குற்றியலுகரத்தையும் எண்ணிக்கையின் நீக்குவர். நாடு என்பதன் ஈறு குற்றியலுகரம். நடு என்பதன் ஈறு அன்று. சொல் எங்கு முடிகின்றது என்று அறியாமல் இதனைக் கணிக்கமுடியாது. சந்தி பிரித்த பதிப்பைக் கொண்டால் ஒரு தொகையும், பிரியாத பதிப்பைக் கொண்டால் மற்றொரு தொகையும் வரும். எப்பதிப்பு என்பதும் விதியின் ஒரு பகுதி ஆகிவிடுகின்றது. தட்டச்சுப் பிழையும் சேரும். மௌவல் என்னும் மலர்ப்பெயரை ஔகாரக் குறியால் எழுதினால் மூன்றெழுத்து; கொம்பும் ளகரமுமாக அடித்திருந்தால் நான்கெழுத்து. கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றே.

திணை எங்கிருந்து வந்தது

இனி, இக்கட்டுரையில் யான் சொல்ல வந்தவற்றுள் தலையாயதைக் கூறுவேன். மேற்கூறிய பிழைகள் எல்லாம் கவனத்தால் நீங்குவன. கவனத்தோடு செய்தும் நீங்காத பிழை ஒன்று உண்டு. வழிநிரலை முதனிரல் என மயங்கி, அதனைக் கொண்டே அதன் விதியை நிறுவ முற்படுவது அது.

அகநானூற்றுத் திணையை எண்ணிலிருந்து கணித்து அமைத்த ஒருவர், பின்னர் அவ்வட்டவணையை நோக்கி, 'இருநூறு பாலைப் பாடல்களும் பிறழாது ஒற்றை எண்ணிலேயே அமைந்துள்ளன. தொகுத்தவர் முறை எவ்விடத்தும் வழுவவில்லை' என்று எழுதினால் என் சொல்வது? அவர் கண்டது உருத்திரசன்மர் முறையை அன்று. தாம் எழுதிய கட்டளைத்தொடரை. ஒற்றை எண் பெற்ற பாட்டொன்று உரிப்பொருளால் வேறு திணைக்கு உரியதாகத் தோன்றுகிறதா என்று ஆராய வேண்டுமாயின், பாட்டைப் படித்துத் துணிந்து எழுதிய மற்றொரு நிரல் வேண்டும். அது முதனிரல். இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிட்டு, பொருந்தியதா என்னும் மூன்றாம் நிரலைக் கணித்தால், பொருந்தா இடங்களே ஆராய்ச்சிக்குரிய இடங்களாக எழுந்து நிற்கும். முதலும் வழியும் ஒரே நிரலில் கலந்துபோயின் அவ்விடங்கள் ஒருகாலும் வெளிப்படா.

தொகை நூல்கள் பலவற்றை ஓர் அட்டவணையில் சேர்ப்போர்க்கு இம்மயக்கம் இன்னும் மிகும். அகநானூற்றிலும் ஐங்குறுநூற்றிலும் திணையை எண்ணால் பெறலாம். குறுந்தொகையும் நற்றிணையும் எண்ணால் திணை காட்டும் அமைப்புடையன அல்ல. அவற்றின் திணை, பாட்டின் பொருள் நோக்கிப் பதிப்பாசிரியரோ உரைகாரரோ ஆய்வாளரோ துணிந்தது. அட்டவணையில் திணை என்னும் ஒரே தலைப்பின் கீழ் இவை எல்லாம் ஒரே எழுத்தில், ஒரே மதிப்போடு நிற்கின்றன. 'சங்க அகப்பாடல்களில் குறிஞ்சி இத்தனை விழுக்காடு' என்று கூறும்போது, விதியால் வந்த குறிஞ்சியையும் ஒருவர் தம் கருத்தால் துணிந்த குறிஞ்சியையும் கூட்டி வகுத்துவிடுகின்றோம்.

அற்றேல், திணைநிரலைக் கைவிட வேண்டுமோ எனின், வேண்டா. அதன் அருகே திணைச்சான்று என்னும் நிரல் ஒன்றை வைத்தால் போதும். எண்ணால் வந்ததாயின் 'எண்' என்றும், பதிப்பில் கண்டதாயின் பதிப்பின் பெயரும், ஆய்வாளர் துணிபாயின் 'துணிபு' என்றும் அதில் எழுதவேண்டும். பின்னர் எக்கணக்கையும் சான்று வகைக்கு ஏற்பப் பிரித்துக் காணலாம். பதிற்றுப்பத்து ஒவ்வொரு பாட்டின் ஈற்றிலும் துறை, வண்ணம், தூக்கு, பெயர் என நான்கு செய்தியைப் பிரித்துக் குறித்து வைத்த பழையோர்க்கு இம்முறை அயலாய்த் தோன்றியிராது.

விகித நிரல் பற்றியும் ஒரு சொல். 13 அடிப் பாட்டொன்றில் இரண்டு உவமை, 31 அடிப் பாட்டொன்றில் இரண்டு உவமை எனக் கொள்வோம். அடிக்கு உவமை என்னும் வழிநிரலில் முன்னதற்கு 0.154, பின்னதற்கு 0.065, இவற்றின் சராசரி 0.109. நான்கு உவமையை 44 அடியால் வகுத்தாலோ 0.091. இரண்டும் பிழை அல்ல. முன்னது பாட்டை அலகாகக் கொண்டது, பின்னது அடியை அலகாகக் கொண்டது. எதனைக் கண்டோம் என்று சொல்லாமல் எண்ணை மட்டும் தருவதே பிழை.

இப்பொழுது என்னிடம் வரும் ஆய்வேடுகளில் மூன்று செய்திகளைக் கேட்டு வாங்குகின்றேன். அட்டவணை அச்சிடப்படும்போது வழிநிரல்களின் தலைப்பில் உடுக்குறி இடுதல் வேண்டும். அவ்வுடுக்குறிக்கு உரிய விதி, அட்டவணையின் அடியில் தமிழில் ஒரு வாக்கியமாக எழுதப்பட வேண்டும். கட்டளைத்தொடரைப் பின்னிணைப்பாகத் தந்தாலும் இவ்வாக்கியம் தவிர்க்கப்படாது. மூன்றாவது, மாணவர் சேமித்துத் தரும் தரவுக்கோப்பில் முதனிரல்கள் மட்டுமே இருத்தல் வேண்டும். வழிநிரல்கள் கட்டளைத்தொடரை ஓட்டும்போது ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிறக்கவேண்டும். மூன்றாவதற்கே எதிர்ப்பு மிகுதி. கணித்ததைச் சேமித்து வைத்தால் என்ன என்று கேட்கின்றனர். அண்மையில் மாணவி ஒருவர், புறநானூற்று அட்டவணையில் பத்து அடித்தொகைகளைப் பதிப்பு நோக்கித் திருத்தினார். சேமித்து வைத்திருந்த சராசரி நிரல் பழைய தொகையையே காட்டிக்கொண்டிருந்தது. இரண்டு திங்கள் கழித்தே அதனைக் கண்டோம்.